டேப்பின் மறுமுனை

கத்திரிக்காய் வாங்கினால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஆள் நான். வீட்டைச் சும்மா வாங்கிவிடுவேனா?

"பழைய வீடும்மா. சுவர் எங்க நிக்குதோ அதான் எல்லை. இந்தத் தெருவுல யாரும் அளந்ததே இல்ல" என்றார் புரோக்கர். யாரும் அளந்ததில்லை என்று கேட்டதும்தான் அளந்தே தீருவது என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. "வம்பை ஏன் விலைக்கு வாங்கற?" என்று கேட்டுப் பார்த்த என் வீட்டுக்காரர், நான் முறைத்ததும் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

வீடு எனக்காக இல்லை, என் தங்கச்சிக்காக. விபத்துக்குப் பிறகு அவளுக்கு எல்லாமே சக்கர நாற்காலிதான். நாங்கள் இருப்பது மாடியில், லிஃப்ட் கிடையாது. அவள் தெருவைப் பார்க்கவேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் அவளை அரிசி மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும். அதனால் அவள் வெளியே போவதையே விட்டுவிட்டாள். "எனக்கு என்ன வேலை வெளிய?" என்பாள். 

இந்த வீட்டின் முன்வாசல் செங்குத்தான படிகளோடு நேரே தெருவில் இறங்குகிறது, சாய்வாகத் தளம் போட இடமே இல்லை. ஆனால் வீட்டுச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே, பின்னறையிலிருந்து தெருக் கேட் வரை மேடு பள்ளமில்லாமல் சிமெண்டுப் பாதை ஒன்று ஓடுகிறது. முதல்முறை பார்க்க வந்தபோது, நாங்கள் உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்குத் தனியாக அந்தப் பாதையில் கேட் வரை போய்விட்டாள். கேட்டின் அடியில் இருந்த சின்னத் திட்டுதான் அவளைத் தடுத்தது. திரும்பி வந்து, "அக்கா, நானே போனேன்" என்றாள். அந்த நிமிடமே நான் மனசுக்குள் வீட்டை வாங்கிவிட்டேன்.

சர்வேயர் கடப்பாரையும் டேப்புமாகத் தனியாகத்தான் வந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தங்கச்சி பாதையின் நடுவில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் குத்தியபோது டங்கென்று சத்தம் கேட்டது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் எல்லைக்கல். அது மதில் சுவரோரம் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தது.

எனக்குப் பகீரென்றது. எல்லை அங்கே என்றால் பாதை யாருடையது?

"கல்லு நகர்ந்திருக்கும் சார்" என்றேன்.

"இருக்கலாம். அந்தக் கோடிக் கல்லுலேருந்து அளந்து பாத்துடுவோம். டேப்ப இந்தக் கல்லு மேல வைங்கம்மா."

அவர் எங்கள் வீட்டின் இடதுபக்கக் கோடிக்குப் போனார். டேப்பின் முனை என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் போதும், கல் இடம் மாறியதாகத்தான் அவர் முடிவு செய்வார். யாருக்குத் தெரியப்போகிறது? என் விரல் நகரவும் செய்தது, பொய் சொல்லக்கூடாது. நிமிர்ந்தால் தங்கச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனையைத் திரும்பக் கல் மேல் வைத்து அழுத்தினேன். 

"கல்லு சரியாத்தான் இருக்கு. பாதை முழுக்க பக்கத்து மனை" என்றார் சர்வேயர்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்!" என்று பதறினார் புரோக்கர்.

மதிலுக்கு மேலே ஒரு தலை அதற்குள் முளைத்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா. "மெதுவா எதுக்கு? என் இடம்தானே? எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். சுவரைத் தள்ளிக் கட்டணும்னு செங்கல்லுகூட இறக்கி வெச்சிருக்கேன்."

எட்டிப் பார்த்தேன். செங்கல் அடுக்கும், கொத்தனாருக்கான பலகையும் தயாராக இருந்தன. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தச் சர்வேயர் வந்திருக்கவே மாட்டாரே என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அம்மா, கொஞ்சம் மனசு வையுங்க" என்றேன். "இவளால நடக்க முடியாது. இந்தப் பாதை இல்லேன்னா இவளுக்கு வாசலே கிடையாது. இவளைப் பாருங்க, பாவம்..."

"அக்கா!" தங்கச்சியின் குரல் சுரீரென்று வந்தது. "என்னைக் காட்டிப் பிச்சை எடுக்காத."

 இதுவரை பார்த்த வீடுகளிலெல்லாம் நான் அதைத்தான் செய்திருந்தேன்.

பக்கத்து வீட்டம்மா அசரவில்லை. "ஒரு விரக்கடைகூட விடமாட்டேன். சார், என் மனையையும் முழுசா அளந்து குடுத்துடுங்க, கூலி நான் தரேன்."

"அளந்தா இந்தப் பக்கத்தோட நிக்காதும்மா. அந்தப் பக்கமும் பாக்கணும்."

"பாருங்க! எனக்கென்ன பயம்?"

டேப் அவள் வீட்டுக்குள் போனது. முனையை இப்போதும் நான்தான் பிடித்தேன். வலதுபக்க மதிலோரம் கல்லைத் தேடிக் காணாமல், சர்வேயர் கணக்குப் போட்டுப் போட்டு உள்ளே நகர்ந்துகொண்டே வந்தார். கடைசியில் அவள் சமையலறைத் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தார். கோடு சரியாக அடுப்பு மேடைக்கு இந்தப் பக்கம் ஓடியது. அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சாமான் அலமாரி எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

"இது என்ன சார்?" என்றாள், குரல் உள்ளே போய்விட்டது.

"முதல்ல கட்டினவர் கல்லைப் பாக்காம எங்கேயோ தள்ளி ஆரம்பிச்சிருக்காரு. அடுத்தவர் அவர் சுவரை நம்பிக் கட்டினாரு, அதுக்கடுத்தவர் இவர் சுவரை நம்பி. ஒருத்தர் நகர்ந்தாரு, தெருவே நகர்ந்துடுச்சு. உங்க இடத்துல அவங்க பாதை. உங்க அடுப்பு இருக்கறது உங்களுக்கு அடுத்த வீட்டு பேக்கரிக்காரர் மனையில."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவ்வளவு கெட்ட புத்தி. ஆனால் அவள் அடுப்பைத் தடவிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"சுவர் இருக்கறபடியே வரைஞ்சுடுங்களேன் சார்" என்று குழைந்தார் புரோக்கர்.

"கல்லு இருக்கறபடிதான் வரைவேன். வேணும்னா அக்கம்பக்கத்துக்காரங்க அவங்கவங்க சுவர் அப்படியே இருக்கட்டும்னு ஒருத்தருக்கொருத்தர் பத்திரத்துல எழுதிக்கலாம். கேட்டுப் பாருங்க."

கேட்பதா? சாக்கடைத் தண்ணீர்த் தகராறில் பேக்கரிக்காரரோடு பேச்சு வார்த்தை நின்றுபோனவள் அவள். அவர் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாளாம், புரோக்கர் என் காதோடு சொன்னார். வெளியே வந்து தங்கச்சியின் நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, நீயும் கூட வாயேன். உன்னைப் பாத்தா அந்த மனுஷன் மாட்டேன்னு சொல்லமாட்டான்."

"வரமாட்டேன்" என்றாள் தங்கச்சி. "உங்களுக்கு வேணும்னா நீங்களே கேளுங்க. நான் எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கறேன்."

பக்கத்து வீட்டம்மா பிடியை விட்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கி அடுத்த கேட்டைத் தட்டினாள். உள்ளேயிருந்து அவர் சத்தம் போடுவது கேட்டது. பிறகு இவள் குரல். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. புரோக்கர் நகத்தைக் கடித்தார். நான் பாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். அவர் மாட்டேனென்றால் இவள் எங்கள்மேல்தான் பாய்வாள், சுவர் எழும்பிவிடும், மறுபடி மாடிதான், அரிசி மூட்டைதான்.

அவள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "வாயில வந்தபடி திட்டினான். நான் நின்னு கேட்டுக்கிட்டேன். அப்புறம் எழுதித் தரேன்னுட்டான்."

 தங்கச்சி சக்கரத்தை உருட்டி அவளுக்கு எதிரே போனாள். இந்தமுறை நான் வாயைத் திறக்கவில்லை.

"இது உங்க இடம்" என்றாள். "தினமும் இது வழியா நான் தெருவுக்குப் போகணும், வரணும். விடுவீங்களா?"

"பாவம்னு எல்லாம் நான் விடமாட்டேன்."

"வேண்டாம்."

"எனக்கு என் அடுப்பு வேணும்."

"எனக்கு வழி வேணும்."

 பக்கத்து வீட்டம்மா விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனாள். போச்சு என்றுதான் நினைத்தேன். கொத்தனார் பலகையை இழுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் கேட்டின் அடியில் அந்தத் திட்டின்மேல் அதைச் சாய்வாகப் போட்டு, ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் செங்கல் வைத்தாள்.

"இப்போ போய்ப் பாரு, ஏறுதான்னு" என்றாள்.

நான் பழக்கதோஷத்தில் நாற்காலியைத் தள்ளப் போனேன். என் கையில் இன்னும் டேப்பின் முனை இருந்தது. அதற்குள் தங்கச்சி தெருவில் இருந்தாள்.