மாடியக்காவின் வகுப்பு நேரம்

கட்டட வேலையில் எல்லோரும் அவளை மாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவள். காலை ஏழரைக்கு ஏணியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். ஏறுவதற்கு முன்னால் போனைக் கீழே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எங்கேயோ எவனோ போனில் பேசிக்கொண்டே கம்பிக் கட்டை இறக்கி, அது ஒரு லாரியின் மேல் உட்கார்ந்துவிட்டதாம். அதிலிருந்து இந்த விதி. அந்த மகராசனை அவள் வையாத நாளில்லை.

அவளுடைய பாப்பாவுக்கு மூன்று வயது. காய்ச்சல் ஏறினால் வலிப்பு வந்துவிடும். உடம்பு சுட்டவுடனே மருந்து கொடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து பாட்டில் குழந்தைகள் காப்பகத்திலேயே இருக்கிறது. ஆனால், பெற்றவர்கள் வாயால் 'கொடுங்க' என்று சொல்லாமல் அங்கே ஒரு சொட்டும் கொடுக்க மாட்டார்கள். போன மாதம் ஒருநாள் காய்ச்சல் வந்தபோது அவள் போன் பெட்டிக்குள். ராத்திரி முழுக்க பேக்கரியில் ரொட்டி சுடுகிற கணவர், பகலில் அடித்துப் போட்டமாதிரி தூங்குகிறவர். கட்டட ஆபீசுக்கு அடித்தார்கள். அங்கிருந்த குமாஸ்தா செய்தியைத் துண்டுச் சீட்டில் எழுதி அவள் பெட்டியின் மேல் பத்திரமாக ஒட்டிவைத்தார். அதை அவள் படிப்பதற்குள் பாப்பாவுக்கு வலிப்பு வந்து அடங்கியே விட்டது.

இனி ஒரு தடவை அப்படி நடக்கக் கூடாது. அதற்காகத்தான், தானே போன் பேசக்கூடிய கைக்கடிகாரம் ஒன்றைப் பழசாகப் பார்த்து வாங்கினாள். சூப்பர்வைசரும் தலையாட்டிவிட்டார். "கையில பிடிச்சா தப்பு, கையில கட்டினா பரவாயில்ல. பேசணும்னா மொதல்ல பாரத்த எறக்கிட்டுப் பேசு."

கடிகாரம் தயார். அதற்கு உயிர் கொடுக்க வேண்டிய போன் கம்பெனிதான் தயாராக இல்லை. அவளுடையது இருப்பதிலேயே மலிவான பிளான். கடிகாரத்தை இணைக்கப் போனால், 'உங்கள் திட்டத்தில் இந்த வசதி இல்லை' என்று திரை கையை விரித்தது. கஸ்டமர் கேருக்கு அடித்தாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, பாட்டைக் கேள். ஒருத்தி, வசதி இருக்கிறது, போனை அணைத்துப் போடுங்கள் என்றாள். அடுத்தவன், வசதியே கிடையாது என்றான். மூன்றாமவன், பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்று தேனொழுகச் சொன்னான்.

"அந்தப் பிளானுக்கு மாறினா கண்டிப்பா வேலை செய்யுமா தம்பி?"

"மாறின பிறகு செக் பண்ணித்தான் மேடம் சொல்ல முடியும்."

"கல்யாணம் பண்ணிட்டு அப்புறமா மாப்பிள்ளைய பார்க்கச் சொல்ற மாதிரி இருக்கே!"

மறுபடியும் பாட்டு. ரெண்டு வாரம் இதே கதை. பஸ்ஸில், அடுப்படியில், பாப்பாவைக் கூட்டிவரப் போகிற வழியில், எங்கே போனாலும் போன் அவள் காதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அந்தப் பாட்டு பாப்பாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கடைசியில் போன் ரிப்பேர் கடைக்காரர்தான் குறுக்குவழி சொன்னார். போன் இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கென்று கடிகாரத்தில் ஒரு ஏற்பாடு உண்டாம். அப்பா அம்மா போனோடு அதைச் சேர்த்துவிட்டால், வேறு கம்பெனியில் தனி நம்பர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமாம்.

"ஆனா உங்களுக்கு வயசு பத்துன்னு போடணும்க்கா."

"அஞ்சுன்னு வேணாலும் போடுங்க. மணி அடிச்சா போதும்."

அப்படித்தான் கணவரின் போனில் அவர் அப்பா ஆனார். கட்டின பெண்டாட்டி பத்து வயதுப் பிள்ளை ஆனாள். அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே அவர் கடிகாரம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அழுத்தினார். பிறகு வாசலில் நின்று அடித்துப் பார்த்தார். கணீரென்று ஒலித்தது. "வீட்டுப்பாடம் எழுதிட்டியா பாப்பா?" என்று கிண்டல் வேறு. ஒரு மாதத்துக்குப் பிறகு மாடியக்கா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

கடிகாரத்தின் நம்பரைக் காப்பகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு நாள் கிரேன் மேல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் சத்தமே போடவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மதியம் இறங்கிப் பெட்டியைத் திறந்தால், போனில் தவறிய அழைப்பு பதிமூன்று. எல்லாம் காப்பகத்திலிருந்து. கடிகாரம் எடுக்காததால் இங்கே அடித்திருக்கிறார்கள். முதல் அழைப்பு பத்து மணிக்கே வந்திருக்கிறது. திருப்பி அடித்து, "குடுங்க, குடுங்க, மருந்த குடுங்க!" என்று அலறினாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக்கூட இல்லை, பஸ்ஸுக்கு ஓடினாள்.

பஸ்ஸில் தன் போனிலிருந்தே கடிகாரத்துக்கு அடித்துப் பார்த்தாள். அது அசையவில்லை. திரையில் மஞ்சள் வட்டம் ஒன்று. அதன் கீழே 'வகுப்பு நேரம்' என்று இருந்தது. கணவருக்கு எட்டுத் தடவை போன் அடித்து எழுப்பினாள்.

"ஏங்க, இந்த வாட்ச்ல என்னத்த போட்டு வச்சீங்க?"

"நான் என்னத்த போட்டேன்? பிள்ளையோட பள்ளி நேரம் என்னன்னு கேட்டுச்சு. ஏழுலருந்து அஞ்சுன்னு போட்டேன். பாப்பாவுக்கு அதானே நேரம்?"

"அது பாப்பாவ கேக்கலங்க. என்னைக் கேட்டுச்சு! இங்க நான்தானே பிள்ளை! வகுப்பு நேரத்துல மணியே அடிக்காம வாய மூடிக்கிட்டு இருக்கு!"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் யாரைத் திட்டுவது? தூக்கக் கலக்கத்தில் தன் மகளை நினைத்துப் பதில் போட்ட மனுஷனையா? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

காப்பகத்தில் பாப்பா நெற்றியில் ஈரத்துணியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது. வலிப்பு வரவில்லை. ரெண்டு மணி நேரம் துணியை நனைத்து நனைத்துப் போட்ட காப்பகத்து அக்காவின் புடவை முழங்கால்வரை ஈரம்.

"இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா விதியாவது மண்ணாவதுன்னு நானே குடுத்திருப்பேம்மா," என்றாள் அவள்.

"ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட கேட்டுத்தான் ஆகணுமாக்கா? வேற வழியே இல்லியா?"

காப்பகத்து அக்கா மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். மருந்தின் பெயர், அளவு, எத்தனை டிகிரிக்கு மேல் கொடுக்கலாம், கீழே கையெழுத்து. ஒரு தடவை போட்டால் வருஷம் முழுக்கச் செல்லுமாம்.

"இது எப்ப வந்துச்சு?"

"எப்பவும் இருக்கு. பாதிப் பேரு போட்டிருக்காங்க."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?" என்றாள் மாடியக்கா.

"மூணு தடவ சொல்ல வந்தேம்மா. நீங்க வரும்போதெல்லாம் காதுல போனு. 'லைன்ல இருக்கேன், ஒரு நிமிஷம்'னு கையக் காட்டிட்டு பிள்ளைய தூக்கிட்டுப் போயிடுவீங்க."

மாடியக்கா தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். அரை நிமிட வேலை. பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். போனையும் அணைத்து உள்ளே தள்ளினாள்.

"வேற என்னென்னக்கா சொல்ல வந்தீங்க?"

"நிறைய இருக்கு," என்று காப்பகத்து அக்கா குட்டி நாற்காலி ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினாள். "மொதல்ல உக்காருங்க."