பச்சை விளக்கு அணைந்த பிறகு

தப்பு செய்கிறவனுக்குத் தைரியமாவது வேண்டும், சாமர்த்தியமாவது வேண்டும். பெலிக்ஸுக்கு இரண்டும் கிடையாது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முன்பக்கம் ஸ்டூடியோ, பின்பக்கம் வீடு என்று பிழைத்துக் கொண்டிருந்தான். கட்டடம் பொன்னழகுவுக்குச் சொந்தம். அந்த உரிமையில்தான் அவன் வந்து நின்றான்.

"செம்பட்டி ஆண்டிச்சாமி மகளை எனக்குத் தரமாட்டேன்னுட்டாங்க. அவ எவன் தோள்லயோ சாஞ்சு நிக்கிற மாதிரி ஒரு படம் போடு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும். ஏலாதுன்னா கடையைக் காலி பண்ணு."

கல்யாணப் பத்திரிகைக்காக எடுத்த, ஆண்டிச்சாமி மகள் கீர்த்தனாவின் முகம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதை இன்னொருத்தியின் உடம்பில் ஒட்டி, கழுத்தோரம் நிழல் சேர்த்து முடித்தபோது பெலிக்ஸுக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. ஒட்டு எங்கே இருக்கிறதென்று அவனாலேயே சொல்ல முடியவில்லை.

அந்நேரம் கரண்ட் போனது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கீச்சிட்டது. திரை தானாக இருண்டது, பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்தது.

பெலிக்ஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். படத்தை அவன் சேமித்து வைக்கவில்லை. அழிந்து தொலைந்தது, ஆண்டவரே அணைத்துவிட்டார், இனி இந்தப் பாவத்தைத் தொடமாட்டேன், கடை போனாலும் போகட்டும் என்று முடிவெடுத்தான். அவ்வளவு நிம்மதி அவனுக்கு வந்து நாளாகியிருந்தது.

யூபிஎஸ் மாட்டிய மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "மஞ்ச வெளக்கு மினுக்கினா கம்ப்யூட்டர் தூங்குதுன்னு அர்த்தம். கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் தீந்துச்சுன்னா, திரையில இருக்கிறதை அப்படியே உள்ள எழுதி வச்சிட்டுப் படுத்துக்கும். அப்ப ஒரு வெளக்கும் எரியாது. பட்டனை அமுக்குனா விட்ட எடத்துல எந்திரிக்கும்." பெலிக்ஸ் தலையை ஆட்டினான். மனதில் நின்றது மஞ்சள் விளக்கு மட்டும்தான். விளக்கு அணைந்தால் செத்தது என்பது அவன் கணக்கு.

சாயங்கால ஜெபமாலைக்கு மனைவி ஆனந்தமேரியோடு உட்கார்ந்தான். அந்த வீட்டில் மாலை முடியும்வரை யாரும் எழக்கூடாது, இடியே விழுந்தாலும் சரி. பத்துப் பத்து மணியாக உருட்டும் மாலையில் நாலாம் பத்தில் கரண்ட் வந்தது. கூடவே கடையிலிருந்து குரலும் வந்தது.

"பெலிக்ஸ் தம்பி, பத்திரிகைப் படம் வாங்க வந்தேன்."

ஆண்டிச்சாமி. பெலிக்ஸின் பழைய கம்ப்யூட்டர் எழுந்து வர, மாலையில் பத்து மணி உருட்டும் நேரம் ஆகும். அதனால் ஜெப நேரத்தில் வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், அவனைக் கேட்காமலே வாயிலிருந்து வந்தது.

"பட்டனை அமுக்கி வச்சிட்டு ஒக்காருங்கண்ணே, இந்தா வாரேன்."

"அருள் நிறைந்த மரியே" என்றாள் ஆனந்தமேரி. பெட்டியின் விசிறி இரைந்தது. வழக்கமாக வரும் தொடக்க இசைக்காகக் காத்திருந்தான். இசை வரவில்லை. விட்ட இடத்திலேயே எழும் என்று மெக்கானிக் சொன்ன மிச்சம் இப்போதுதான் உறைத்தது.

பாதி ஜெபத்தில் எழுந்தான். ஆனந்தமேரி முறைத்தாள்.

கடையில் யாரும் இல்லை. திரையில் கீர்த்தனா எவனோ ஒருவன் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆண்டிச்சாமி மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். முன்கூடையில் தென்னை மட்டை கழிக்கும் அரிவாள் கிடந்தது.

"அண்ணே, அது நெசமில்ல! நான் ஒட்டுன படம்!"

"கண்ணால பாத்துட்டேன் தம்பி. அவளைக் காப்பாத்துறதுக்குப் பொய் சொல்லாத." குரல் உயரவே இல்லை. கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள், ஆனால் தீர விசாரிக்கிற மனுஷர் இல்லை அவர். கோபம் வந்தால் கை முந்தும், வாய் பிந்தும். வண்டி செம்பட்டி ரோட்டில் திரும்பி மறைந்தது.

பெலிக்ஸ் அவர் வீட்டு எண்ணை அமுக்கினான். கீர்த்தனாவே எடுத்தாள்.

"அண்ணே, அப்பா வந்தாரா? படம் நல்லா வந்திருக்கா?"

"பாப்பா, அப்பா வந்து சேர்றதுக்குள்ள வீட்டை விட்டுப் போயிரு. யார் வீட்டுக்காவது ஓடிரு. ஒன்னயக் கும்பிடுறேன், இப்பவே போ."

"போங்கண்ணே, கல்யாணப் பொண்ணுன்னா எல்லாருக்கும் கேலிதான்" என்று அவள் சிரித்தாள்.