ஏரியடி வெளிச்சம்

ஆய்வகத்தில் அவளை ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியின் அடியிலிருந்து எடுத்த பாக்டீரியாவை இருட்டறையில் வளர்த்துவந்தாள். மேலே பாசிகள் உறிஞ்சியது போக மிஞ்சும் மங்கல் வெளிச்சம்தான் அதற்குப் பிழைப்பு. அந்தத் துளியையும் தவறவிடாமல் பிடிக்க, செல்லுக்குள் நிறமியைப் பைபையாக அடைத்து வைத்திருக்கும். பழுப்புத் தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம், ஆமை வேக வளர்ச்சி. அவள் சலித்துக்கொண்டதே இல்லை.

வேறோர் ஆய்வகத்தில் இடம் கிடைத்ததும் தன் பேராசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒரு பாட்டில் மட்டும் எடுத்துட்டுப் போகட்டுமா மேடம்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? நீ வளர்த்தது. எல்லாத்தையும் எடுத்துக்கோ."

திங்கட்கிழமை வந்து பார்த்தால், பாட்டில்கள் ஜன்னல் திட்டில் மூடி திறந்து வெயிலில் நின்றன. பழுப்பு வெளுத்துப் போயிருந்தது. காற்றும் கடும் வெளிச்சமும் சேர்ந்தால் அந்த நிறமியே செல்லைச் சுட்டுவிடும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே பேராசிரியைதான்.

"பாவம், இருட்டுலயே கிடந்துச்சு. கொஞ்சம் வெயில் காயட்டும்னு வச்சேன்" என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே. "கழுவி வச்சிட்டுப் போயிடும்மா. நாத்தம் தாங்கல."

அவள் கழுவினாள். பாட்டில்களை அடுக்குவதற்காகப் பேராசிரியையின் அறை அலமாரியைத் திறந்தாள். உள்ளே துணி சுற்றிய சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அருகே ஒரு பாட்டில், நல்ல பழுப்பில், இறுக மூடி. மேலே அவளுடைய கையெழுத்து.

பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் அந்த அம்மாளின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. பாட்டிலை அவர் கண்ணெதிரே கொண்டுவந்து மூடியைத் திருகினாள்.

"ஏய், என்ன பண்ற? அது ஒண்ணுதான் மிச்சம்."

"தெரியும் மேடம்."

கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். மேலே பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாள். பேராசிரியை எழுந்த வேகத்தில் டீ அவர் மடியில் சிந்தியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஆந்தை நின்று, ஆசை தீரப் பார்த்தாள்.

புது இடத்தில் முதல் நாளே கேட்டார்கள், "நீங்க வளர்த்த பாக்டீரியா கல்ச்சர் எங்க?"

"செத்துப்போச்சு" என்றாள்.

"அப்ப உங்களை எதுக்கு எடுத்தோம்?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், வேறு யாரோ வளர்த்த பாசித் தொட்டிகளைத் தேய்க்கும் வேலையைக் கொடுத்தார்.