மூடினால் தெரியும் நிறம்

அவளுடைய மூடிய இமைக்கு அடியில் ஏதோ நகர்கிறது, கலங்கிய குளத்தின் அடியில் விரால் புரள்வதுபோல, மேலே நான் தடவிய பழுப்பு லேசாக எழுந்து அடங்குகிறது, அசையாதே ரஞ்சிதம் என்கிறேன், நான் எங்கங்க அசையறேன், கண்ணுல்ல அசையுது, அது என் பேச்சைக் கேக்குமா என்கிறாள், நாற்பத்தாறு வருடமாக என் மனைவி, கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்குத் தன் முகம் தெரியாது, கழற்றாவிட்டால் இமைக்கு விரல் போகாது, அப்படித்தான் இந்த உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது, அதற்கு முன் நான் பிரஷ் பிடித்தது ஒரே ஒரு தடவை, சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்க, அந்தச் சைக்கிள் அழகு தாங்காமல் மறுநாளே காணாமல் போனது.

எல்லாம் அவள் தங்கை பூங்கோதை செத்த அன்று ஆரம்பித்தது, பிள்ளைகள் நல்ல படம் ஒன்று கிடைக்காமல் ரேஷன் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துவிட்டார்கள், ஒரு கண் பாதி மூடி, வாய் கோணி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவள் தேடப்படும் குற்றவாளி மாதிரி ஒட்டியிருந்தாள், கான்ஸ்டபிள் ஒருவர் நின்று கீழே என்ன பரிசு போட்டிருக்கிறது என்று பார்த்ததாகவும் கேள்வி, ரஞ்சிதம் அன்றைக்கு அழவில்லை, வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே, என் படத்தை நானே எடுத்து வச்சிட்டுத்தான் போவேன், கண்ணுக்கு எதையாச்சும் போட்டு லட்சணமா எடுக்கணும் என்றாள், நான் பேச்சை மாற்றப் பார்த்தேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் சாவுப்படம் எடுத்துக்கொண்டவர்கள் பிரேம் போட்டு வருவதற்குள் போய்விடுவார்கள், என் அண்ணன் திங்கள் எடுத்தார் வியாழன் போனார், சித்தப்பா ஸ்டுடியோ படியிலேயே உட்கார்ந்துவிட்டார், தப்பியவர் மாமா சிவஞானம் ஒருவர்தான், அவர் படத்தில் கண்ணை மூடிவிட்டார், எமன் வந்தான், படத்தைப் பார்த்தான், இந்த வீட்டில் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒரு சொம்பு தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டான், மூன்று முறை, மாமா தொண்ணூற்றாறு வயது வரை இருந்தார், சொம்பை நானே பார்த்திருக்கிறேன், விளிம்பு கருத்திருக்கும்.

ஃபேன்ஸி ஸ்டோரில் இருந்த பெண், பர்வீன் என்று பெயர், யாருக்கும்மா, பேத்திக்கா என்றாள், எனக்குத்தான், ஏன், எனக்குக் கண்ணு இல்லையா என்றாள் ரஞ்சிதம், அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு ஐஷேடோ டப்பாக்களை எடுத்துப் போட்டாள், மயில் நிறம், ரோஜா நிறம், மினுங்குகிற ஊதா, இது கரகாட்டத்துக்கும்மா, அடக்கமா ஒண்ணு காட்டு என்றாள் இவள், அப்போது வந்தது அந்தத் தட்டு, ஒன்பது கட்டம், ஒன்பதும் பழுப்பு, காய்ந்த சந்தனம், கடலைத் தோல், கருப்பட்டி, எனக்கு என்னவோ எங்கள் ஊரில் இருந்து மயானம் போகிற பாதையின் மண் வரிசை மாறாமல் அப்படியே இருந்ததாகத் தோன்றியது, வண்டல், செம்மண், சுக்கான் மண், கடைசியில் சாம்பல் கலந்த ஒன்று, இது நியூட்ரல், போட்டதே தெரியாது என்றாள் பர்வீன், தெரியாததை எதுக்குப் போடணும் என்றேன், சார், கண்ணை மூடினா தெரியும் என்றாள் அந்தப் பெண், ரொம்ப நல்லது, எனக்கு அப்பத்தானே வேணும் என்றாள் ரஞ்சிதம், பர்வீன் சிரித்தாள், பிறகு புரிந்து சிரிப்பை நிறுத்தினாள், பையில் போட்டுக் கொடுக்கும்போது அவள் கை என் கையில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

நான் கெடுக்கத் தொடங்கினேன், வேறு வழி தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் வெயிலில் நாற்காலி, அவள் முகத்தை நீட்டுவாள், முதல் வாரம் வண்டலை அப்பினேன், மாவு மில்லில் விழுந்தவ மாதிரி இருக்கேனே, இன்னிக்கு வேண்டாம், ஸ்டுடியோவுக்கு அடுத்த வாரம் போவோம், இரண்டாம் வாரம் கருப்பட்டி, யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க, ஊர் உங்களைத்தான் சொல்லும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவேன், மூன்றாம் வாரம் இடது கண்ணில் மட்டும் செம்மண், வலது கண் வெறுமனே, அவள் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது, வாரத்துக்கு ஒரு கட்டம், எட்டாம் வாரம் எட்டுக் கட்டங்களிலும் அடித்தகரம் பளபளத்தது, அவளும் அதற்குள் இளைத்துவிட்டாள், கன்னத்தில் கை வைத்தால் எலும்பு முதலில் வந்தது, இரவிக்கையில் இரண்டு பேர் இருக்கலாம், டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னிடம் பேசாமல் ஜன்னலிடம் இரண்டு மாதம் என்றார்.

ஒன்பதாம் வாரம் அந்தச் சாம்பல் கலந்தது, தொட்டு வைக்கிறேன், வைத்த இடம் தெரியவில்லை, அவள் தோலேதான் அது, இதை எப்படிக் கெடுப்பது, என் விரல் நின்றுவிட்டது, என்ன, தீர்ந்துபோச்சா வித்தை என்றாள் கண்ணைத் திறக்காமல், வேணும்னே கெடுக்கிறீங்கன்னு முதல் வாரமே தெரியும், தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே, நாற்பத்தாறு வருசத்துல நீங்க என் முகத்தை இத்தனை தடவை தொட்டதில்லையே, அதான் என்றாள், நான் வெயிலைப் பார்க்கிறேன், வெயில் கலங்கிக்கொண்டு வருகிறது, சிவஞானம் மாமா கதையை இருபதாவது தடவையாகச் சொல்கிறேன், பொய், அத்தனையும் பொய், அந்தச் சொம்பு அடுப்புல வச்சுக் கருத்தது என்றாள், பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இருந்தாலும் மூடித்தான் பாப்போமே, நிறமும் தெரியும்ல, இங்க வாங்க, குனிங்க, உங்களுக்கும் போடறேன், ஒரு வீட்ல ஒருத்தர் மட்டும் மூடியிருந்தா அவன் சந்தேகப்படுவான்.

ஸ்டுடியோ அருளானந்தம், ஐயா நடுவுல நாலு விரல் இடம் விட்டு உட்காருங்க, பின்னால தனித்தனியா வெட்டிக்க வசதியா இருக்கும் என்றான், நான் நகர்ந்து அவள் தோளின் மேல் என் தோளை ஏற்றி உட்கார்ந்தேன், இப்ப வெட்டு பாப்போம், வெளிச்சம் அடித்தது, ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டீங்க, இன்னொண்ணு எடுத்துக்கலாம், வேண்டாம் தம்பி, இதுதான் என்றாள் ரஞ்சிதம்.

படம் வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறது, மாலை இல்லை, ஏழு மாதம் ஆகிறது, டாக்டர் சொன்ன கணக்கைத் தாண்டி ஐந்து மாதம், ஞாயிறு தவறாமல் அந்தக் கடைசிக் கட்டத்தைச் சுரண்டிப் போட்டுக்கொள்கிறோம், இன்று கட்டத்தின் மூலையில் ஒரு பொட்டு மட்டும் இருந்தது, அவள் அதைப் பாதியாகப் பிரித்துத் தனக்கு வைத்துவிட்டு என் இமையில் விரலை வைக்கிறாள், நல்ல வெயில், தெருவில் ஒரு சத்தமில்லை, வாசலில் யாரோ, தாயே, ஒரு சொம்பு தண்ணி, என்கிறார்கள், எங்களுக்குத் தெரிந்த குரல் இல்லை, செருப்பில்லாத கால் ஒன்று படியேறி, படத்துக்கு நேரே வந்து நிற்கிறது, அவள் விரல் அசையவில்லை, என் இமைக்கு அடியில்தான் விரால் புரள்கிறது, அசையாதீங்க, என்கிறாள் மூச்சுக்குள், அசையாதீங்க, பாத்துக்கிட்டு இருக்கான்.