அக்காவின் கால் கட்டைவிரல்

கணினித் திரையில் அக்காவின் பெயர் வந்து நின்றபோது யா-ரோங் சோயாப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பல்லுக்கிடையில் குழல் நசுங்கியது. லியாவ் சின்-லான், பெண், வலது கால் கட்டைவிரல் அறுவை சிகிச்சை, நாளை வீடு திரும்புகிறார்.

சாங்ஹுவா ஊரின் நடுத்தரமான மருத்துவமனை அது. அடித்தளத்தில் இருந்த ஆவண அறையில் சில பெண்கள் உட்கார்ந்து, மாடிகளில் டாக்டர்கள் எழுதுவதையெல்லாம் எண்களாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். யா-ரோங்குக்கு விழுந்த பங்கு எலும்பும் மூட்டும். பந்து பட்டு நுனி தொங்கிப்போன விரல், சுத்தியல்போல மடங்கிய கால்விரல், பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்துக்கொண்ட விரல் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. வலது இடதுக்கும் வேறு வேறு. அவற்றையெல்லாம் விடப் பெரிய பிரிவினை ஒன்று இருந்தது. பிறந்த பிறகு வந்த கோணல் என்றால் எண் 'எம்'மில் தொடங்கும். பிறவிக் கோணல் என்றால் 'க்யூ'வில். அந்த ஊர்ப் பேச்சில் இவற்றுக்கு 'வானுக்குப் பின்', 'வானுக்கு முன்' என்று பெயர்.

"என்னடி, பேயப் பாத்த மாதிரி முழிக்கறே?" என்றாள் பக்கத்து மேசை சியாவ்-மான்.

"எங்க அக்கா ஃபைல்."

"டான்ஸ் ஆடற அக்காவா? அப்ப இங்க தள்ளு, நான் போட்டுடறேன். சொந்தக்காரங்க ஃபைல நாம தொடறது நல்லால்ல."

"சின்ன ஃபைல்தான். நானே முடிச்சிடறேன்."

ஏன் கொடுக்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. அக்காவைப் பற்றிய ஏதோ ஒன்று முதல்முறையாகத் தன் கைக்குள் வந்திருக்கிறது, அதை விட மனமில்லை என்பதுதான் உண்மையாக இருக்க வேண்டும்.

அவர்களுடைய அம்மா ரயில் நிலையத்தின் எதிரில் பாவான் என்ற இறைச்சி உருண்டைக் கடை போட்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நாளெல்லாம் நின்று அவள் பாதங்கள் அகன்று, கட்டைவிரல்கள் உள்பக்கம் சாய்ந்து, விரலடியில் முண்டு தள்ளியிருந்தன. சின்-லான் பாலே வகுப்பு முடித்து வந்தால் அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுடைய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்துவிடுவாள். "இது என் காலு. அப்படியே என் காலு" என்று சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் காட்டுவாள். வருடம் ஏற ஏற, அந்த நுனி இறுகிய காலணிகளுக்குள் சின்-லானின் விரல் சாயச் சாய, அம்மாவின் பெருமையும் ஏறியது. யா-ரோங்கின் பாதங்களோ நேராக இருந்தன. நேரான பாதத்தைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை. பள்ளி நாளில் ஒருமுறை அவள் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் சேர்த்து ரப்பர் பேண்டு சுற்றிக்கொண்டு தூங்கினாள். காலையில் விரல் நீலம் பாரித்திருந்தது. அம்மா கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு, "ரப்பர் பேண்டு என்ன சும்மாவா வருது?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

யா-ரோங் கோப்பைப் படித்துக்கொண்டே வந்தாள். இளம் டாக்டர் எழுதியிருந்த ஒரு வரியில் கண் நின்றது. 'விரல் பிறந்ததிலிருந்தே வளைந்திருந்ததாக நோயாளியின் தாயார் கூறுகிறார்.'

அம்மா இங்கேயும் வந்து சொல்லியிருக்கிறாள்.

சின்-லான் எடுத்திருந்த காப்பீடு பிறவிக் குறைகளுக்குப் பணம் தராது. தான் நடத்திய நடனப் பள்ளியை மூடியதிலிருந்து அக்கா அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தாள். யா-ரோங் ஒரு க்யூ எண்ணைப் போட்டால் அது வராது. யாரும் அவளைக் குறை சொல்லவும் முடியாது, டாக்டரே எழுதியிருக்கிறார். அவள் விரல் அந்த எழுத்தின் மேல் போய் நின்றது. மேடையில் பூங்கொத்து வாங்கும் அக்கா, பெருநாளுக்கு வந்தால் கோழித் தொடை தட்டில் விழும் அக்கா, இப்போது தொலைபேசியில் காப்பீட்டுக்காரனிடம் கெஞ்சும் அக்கா. கடைசிப் படம் நெஞ்சுக்குள் இனிப்பாக இறங்கியது. அந்த இனிப்பு அவளையே பயமுறுத்தியது.

ஆனால் விரலைப் பின்வாங்க வைத்தது பயமில்லை. க்யூ என்று போட்டால் அம்மா சொன்னது சரி என்றாகிவிடும். அந்த விரல் அம்மா கொடுத்தது என்று தானே கையெழுத்துப் போட்டதுபோல ஆகும். அதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது விதி. அவள் மாடிக்குப் போனாள்.

அறையில் சின்-லான் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். அம்மா கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தாள். யா-ரோங் கேட்டதன் பேரில் அவள் பின்னாலேயே வந்த அந்த இளம் டாக்டர் ஹுங், "எழுதினதுல ஒரு குழப்பம் வந்துடுச்சு. இந்த விரல் எப்பலேருந்து இப்படி?" என்றார்.

"பொறந்ததுலேருந்து" என்றாள் அம்மா.

"அம்மா, நீ சும்மா இரேன்" என்று சின்-லான் எழுந்து உட்கார்ந்தாள். "ஆடி ஆடி வந்தது டாக்டர். அந்த ஷூவுக்குள்ள இத்தன வருஷம் குத்தி நின்னிருக்கேன்."

"பெத்தவ நானா நீயா? மருத்துவச்சி கையில கெடந்தப்ப நான் மொதல்ல பாத்ததே காலத்தான். ஷூவாம் ஷூ!"

"பிறவின்னு போட்டா எனக்குக் காசு வராதும்மா!"

அம்மாவின் கத்தி நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. "காசுக்காக என் கால இல்லன்னு சொல்லுவியா?"

யா-ரோங் கைப்பேசியை எடுத்தாள். கடையில் கிடந்த பழைய குடும்பப் படங்களை ஒருநாள் அவள் இதற்குள் ஏற்றி வைத்திருந்தாள். லூகாங் கடற்கரையில் ஈர மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறுமிகள். அக்கா நடனத்தில் சேர்வதற்கு முந்தைய கோடை. டாக்டரிடம் நீட்டுவதற்குப் பதில் அவள் அம்மாவிடம்தான் முதலில் நீட்டினாள்.

அம்மா படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். டாக்டர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். நான்கு பாதங்கள், மண் ஒட்டிய இருபது விரல்கள், எல்லாம் நேராக.

"இதுல எது யாரோட கால்?" என்று டாக்டர் சிரித்தார். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. சரி, பின்னால வந்ததுதான். மாத்தி எழுதிடறேன்."

அவர் போனதும் சின்-லான் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைக் காப்பாத்திட்டடி. நல்லவேளை நீ இங்க இருந்தே." அந்தக் கை சூடாக இருந்தது. யா-ரோங்குக்கு அதை உதறவும் முடியவில்லை, திருப்பிப் பிடிக்கவும் முடியவில்லை.

அம்மா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். கொய்யாத் துண்டுகளில் உப்பும் இனிப்புமான ப்ளம் பொடியைத் தூவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தான். அவகிட்ட ஒண்ணு இருந்துடக் கூடாது உனக்கு."

"அம்மா, அவ எனக்காகத்தானே செஞ்சா!" என்றாள் சின்-லான்.

"எதுக்காகன்னு அவளுக்குத் தெரியும்."

யா-ரோங் கீழே இறங்கி வந்து எம் வரிசையில் வலது கால் கட்டைவிரலுக்கு உரிய எண்ணைப் போட்டாள். சரியான எண்தான், சரிபார்த்தாள். சியாவ்-மான் மிளகு பன் ஒன்றை நீட்டி, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். தான் ஜெயித்தாளா என்று யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். பன்னை மட்டும் கடிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் காலை மழை தூறியது. யா-ரோங் டாக்சி அழைத்துவிட்டு, அக்காவின் துணிப்பை, மருந்துப் பை, அம்மாவின் சூப்பு டப்பா எல்லாவற்றையும் இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். குதிகாலில் மட்டும் எடை வைக்கும்படியான, மரத்தாலான அடி கொண்ட காலணி சின்-லானுக்கு மாட்டியிருந்தார்கள். அம்மா அவள் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்திருந்தாள். முண்டு தள்ளிய வலது காலை அம்மாவும் முழுதாக ஊன்றுவதில்லை, பல வருடமாக. ஆகவே ஒவ்வொரு அடிக்கும் இருவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள், ஒன்றாக நிமிர்ந்தார்கள், ஒரே படகில் உட்கார்ந்தவர்களைப் போல. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கணக்கு வைக்கவில்லை.

வாசலின் தானியங்கிக் கண்ணாடிக் கதவு அவர்களுக்காகத் திறந்து, அவர்கள் வெளியேறியதும் மூடிக்கொண்டது. யா-ரோங் கை நிறையப் பைகளோடு அதன் முன்னால் நின்றாள். மழைத்துளி வழியும் கண்ணாடிக்கு அப்பால் ஒரே குடையின் கீழ் அம்மாவும் அக்காவும் வலப்பக்கம் சாய்ந்தார்கள், நிமிர்ந்தார்கள், மறுபடி சாய்ந்தார்கள். கதவு அவளைக் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது.