தலை நிற்காத டைனோசர்

பல் டாக்டருக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பிதான். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிளினிக்குக்கு விடுமுறை. பெட்டி அவன் இடுப்புயரம் இருந்தது. கதவில் ஒரு இடி, நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் ஒரு இடி என்று மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"பிடி அக்கா. இன்னும் கடைக்கே வரல. உனக்குத்தான் முதல்ல."

பெட்டியின் மேல், தலையை நிமிர்த்தி வாயைப் பிளந்தபடி ஒரு டைனோசர் எலும்புக்கூடு. பெரியவர்கள் வாங்கிச் சேர்த்துவைப்பதற்கென்றே செய்த பிளாஸ்டிக் கட்டைகளின் செட். அதை இறக்குமதி செய்து விற்கும் கம்பெனியில் தம்பிக்கு விளம்பர வேலை. அக்கா இப்படிப்பட்ட செட்டுகளைக் கட்டிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்லி வீடியோ போடுகிறவள். அவள் 'வாங்கலாம்' என்றால் வாங்க ஒரு கூட்டமே இருந்தது. பகலெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவள் தன் வாயைத் திறக்கும் இடம் அது என்று அவள் கணவர் கேலி செய்வார். கேமரா பிடிப்பதும் அவர்தான்.

கிளினிக்கின் பின்னறையில் மேசையைப் போட்டு, ஞாயிறுதோறும் கட்டினாள். முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக வளைந்து வந்தபோது அவளுக்கே புல்லரித்தது. விலா எலும்புகளின் நெளிவு, மண்ணுக்கடியில் கிடந்து பழுத்ததுபோல அந்தப் பழுப்பு நிறம், எதிலும் குறை சொல்ல முடியவில்லை. கடைசியில் தலையை மாட்டி, பெட்டிப் படத்தில் இருப்பதுபோல நிமிர்த்திவிட்டு, "எடுங்க, எடுங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

அவர் கேமராவைத் திறப்பதற்குள் தலை மெல்லத் தாழ்ந்தது. தூக்கம் வந்த ஆள்போலக் குனிந்து குனிந்து, கடைசியில் தாடை மேசையில் 'டொக்'கென்று இடித்து நின்றது.

"நான்தான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன்" என்றாள்.

கழுத்தை முழுக்கக் கழற்றினாள். அவள் சந்தேகம் வீண்போகவில்லை. ஒரு முளையைத் தலைகீழாகச் செருகியிருந்தாள். சரிசெய்து மறுபடி மாட்டினாள். தலை மறுபடி குனிந்தது. கழுத்தில் இருந்த கீல் சின்னது, தலை பெரியது. அவ்வளவுதான் விஷயம். யார் கட்டினாலும் அது நிற்கப்போவதில்லை.

தம்பி வந்து பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்க்கா. படம் எடுக்கும்போது பின்னாடி மெல்லிசா ஒரு கம்பி கட்டித்தான் எடுத்தாங்க. மத்த ரிவ்யூக்காரங்களும் அப்படித்தான் எடுத்திருக்காங்க. நீயும் ஒரு கம்பியைக் கட்டி எடுத்துடேன்."

"ஆடுற பல்லைப் பசை போட்டு ஒட்டி ஆளை அனுப்பினா என்னைச் சும்மா விடுவியா?"

"பல்லும் பொம்மையும் ஒண்ணாக்கா?"

"ஏமாத்துறது ஒண்ணுதான்டா."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "என் வேலையே இதுலதான் இருக்கு. இந்த ஒரு தடவை எனக்காக. கழுத்தைப் பத்திப் பேசவே வேண்டாம். பொய்யா சொல்லச் சொல்றேன்?"

அவன் கெஞ்சி அவள் மறுத்ததாகச் சரித்திரமே இல்லை. அதனாலேயே அவன் முகத்தைப் பார்க்காமல், குனிந்து கிடந்த தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லாம விட்டா, கட்டி முடிச்சவன் ஒவ்வொருத்தனும் தன் கையைத்தான் நொந்துப்பான். நான் நொந்துக்கிட்ட மாதிரி. என்னால முடியாது."

"இப்ப அக்காவா பேசுறியா, ரிவ்யூக்காரியா பேசுறியா?"

"ரெண்டும் நான்தான்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

வீடியோவில் அவள் எதையும் பூசி மெழுகவில்லை. பெட்டி ஓசியில் வந்தது, கம்பெனியில் வேலை பார்க்கும் தன் தம்பி கொடுத்தது என்பதில் ஆரம்பித்தாள். நல்லதையெல்லாம் மனசாரப் புகழ்ந்தாள். தான் தலைகீழாகச் செருகிய முளையையும் காட்டினாள். பிறகு தலையை நிமிர்த்திவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அது குனிந்து முடிக்கும்வரை கேமரா ஓடியது.

வசவு மழையாகக் கொட்டியது. 'கட்டத் தெரியலன்னு சொல்லு', 'போய்ப் பல்லைப் பிடுங்கு', 'பொம்மை வெச்சு விளையாடுற வயசா?' கணவர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, "எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா?" என்றார்.

"இருக்கட்டும். கட்டிப் பார்த்துட்டு அவங்களே வந்து அழிப்பாங்க."

இப்படிப்பட்ட செட்டுகளைச் சேர்ப்பவர்களின் சங்கத் தலைவரும் போன் செய்தார். "டாக்டரம்மா, நம்ம கண்காட்சி வருது. மண்டபமே அந்தக் கம்பெனி தயவுல கிடைச்சது. அந்த டைனோசரைத்தான் நடுவுல வைக்கப்போறாங்க. வீடியோவை எடுத்துடுங்க. இல்லேன்னா இந்த வருஷம் நீங்க வராம இருக்கிறது நல்லது."

"சந்தா கட்டின உறுப்பினர் நான். எனக்கு ஒரு மேசை உண்டு. வருவேன்."

வந்தாள். எலும்புக்கூட்டைப் பகுதி பகுதியாகக் காரில் ஏற்றிவந்து, மூலையில் தனக்கென்று கிடைத்த மேசையில் பொருத்தினாள். எழுதி ஒட்டவில்லை, யாரையும் கூவி அழைக்கவில்லை. தலையை நிமிர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலை குனியும். மறுபடி நிமிர்த்துவாள். முதலில் சிரித்தவர்கள், பிறகு கிட்டே வந்து கழுத்தை உற்றுப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் திரும்பி நடு மேடையைப் பார்த்தார்கள். அங்கே கம்பெனியின் டைனோசர் வாயைப் பிளந்துகொண்டு கம்பீரமாக நின்றது. பக்கத்தில் கம்பெனிச் சட்டையோடு தம்பி. அக்கா இருந்த மூலைப்பக்கம் மட்டும் அவன் பார்வை போகவில்லை.

தலைவர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "என்னம்மா இது, வேணும்னே மானத்தை வாங்கறீங்களே!"

"பெட்டியில போட்டிருக்கிற மாதிரிதான் வெச்சிருக்கேன். வேற எப்படி வைக்கணும்னு நீங்களே வெச்சுக் காட்டுங்க."

அவர் தலையை நிமிர்த்தினார். இறுக்கிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். எல்லாரும் பார்க்க அது அவர் கைமேலேயே சாய்ந்தது. கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தார்.

அப்போது ஒரு அம்மாள் நடு மேடைக்குப் போனாள். வேலையிலிருந்து ஓய்வு பெறும் கணவருக்காக அந்த செட்டை முன்பதிவு செய்ய வந்தவள். தம்பியிடம் நேராகவே கேட்டாள். "ஏன்ப்பா, அங்க விழுது, இங்க நிக்குது. ரெண்டும் ஒரே செட்தானே? வீட்டுல எங்களுக்கு எது வரும்?"

பக்கத்திலேயே அவனுடைய மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார். தம்பி அந்த அம்மாளைப் பார்த்தான். பிறகு, எதையோ துப்பித் தொலைப்பவன்போல, "விழுறதுதான்மா வரும். இதுல கம்பி கட்டியிருக்கு" என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. பின்பக்கம் கையை விட்டுக் கம்பியை அவிழ்த்தும்விட்டான். பெரிய தலை, மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாகக் குனிந்தது.

அன்றைக்கே விளம்பர வேலை போய்விட்டது. ஆளை அனுப்பிவிட்டால் ஊர் பேசும் என்று கிடங்குக்கு மாற்றினார்கள். சாயங்காலம் அக்காவின் எலும்புக்கூட்டைக் காரில் ஏற்ற அவன்தான் வந்தான். விலா எலும்புகளை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாம் உன்னாலதான்" என்றான்.

"நானா உன்னைப் பேசச் சொன்னேன்?"

"அதான் கோவம். நீ சொல்லியிருந்தா பேசியிருக்க மாட்டேன்."

கம்பெனி விற்பனையைத் தள்ளிப்போட்டது. சில மாதம் கழித்துப் பெரிய கீலோடு செட் கடைக்கு வந்தபோது யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தலைவர் அவளைச் சங்கத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கியிருந்தார். கம்பெனி அவளுக்கு ஒரு சிறு பெட்டிகூட அனுப்பவில்லை. அவள் கடைக்குப் போய்ப் புதிய செட்டை வாங்கி, கட்டி, தலை நிற்கிறது என்று வீடியோவில் அதே சத்தத்தில் சொன்னாள்.

ஒரு நாள் நோயாளி போனதும் தம்பியிடமிருந்து போன் வந்தது. பின்னால் லாரி உறுமும் சத்தம்.

"அக்கா, புது செட் இறங்கியிருக்கு. பறக்குற டைனோசர். மதியச் சாப்பாட்டு நேரத்துல நானே ஒண்ணைக் கட்டிப் பார்த்துட்டேன். வாங்கிடாதே, இறக்கை சரியில்ல."

"வாங்குவேன்டா. இறக்கை சரியில்லன்னு யாராவது சொல்லணுமே."