அம்மா சொல்லாத பெயர்

வெண்ணந்தூர் மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளைகளுக்காக எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ் இரண்டு பந்தல் போட்டிருந்தது, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டையும் இணைக்கிற ‘டாபிக் மேப்’ என்ற பெயர்ப் பதிவு நிரலை எழுதியவன் எங்கள் சிவபிரகாஷ். ஒரு பிள்ளைக்கு எத்தனை பெயர் இருந்தாலும் அதில் ஏற்றலாம். ஒவ்வொரு பெயரும் யார் வாயில், எந்த இடத்தில் செல்லும் என்று கூடவே குறிக்கலாம். அந்தக் குறிப்புதான் ஸ்கோப். எழுதி முடித்ததிலிருந்து பயலுக்குத் தலைகால் புரியவில்லை.

மேற்குப் பந்தலில் நான் இருந்தேன். மஞ்சுளா என்ற பெண் மூச்சிரைக்க ஓடிவந்தார். பையனைக் காணோம்.

“பேரு என்னங்க?”

“குட்டான்னு கூப்புடுவேனுங்க.”

அழைப்பவர் அம்மா, இடம் வீடு என்று குறித்துத் தேடினேன். யாரும் இல்லை என்றது. கிழக்குப் பந்தலில் இருந்த மோனிஷாவுக்குப் போன் போட்டேன். அவளும் அதே நிரலைப் பார்த்துவிட்டு இல்லை என்றாள்.

“பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லுங்க.”

“அது எங்க மாமனார் பேருங்க. நாஞ் சொல்றதில்லீங்க.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கும்போது என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது?

“வீட்டுக்காரருக்காவது போன் போடுங்க.”

“போர் போடற ரிக் வண்டியில ஒடிசாப் பக்கம் இருக்காருங்க. எடுக்க மாட்டேங்கறாரு.”

மறுபடி கேட்டேன். முடியாதென்று தலையை ஆட்டினார். பேனாவைக் கொடுத்தேன், ஓர் எழுத்தும் போடாமல் திருப்பி வைத்தார். அழ ஆரம்பித்துவிட்டார். என் கோபம் அத்தோடு அடங்கிப்போனது.

நிரலையே திறந்து பார்த்தேன். கேள்வியின் ஸ்கோப்பும் பெயரின் ஸ்கோப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும் என்று சிவபிரகாஷ் எழுதி வைத்திருந்தான். நான் கேட்டது ‘அம்மா, வீடு’. பையனின் பெயருக்கு வெறும் ‘அம்மா’ என்று மட்டும் குறித்திருந்தால்? அம்மா எங்கே நின்று கூப்பிட்டாலும் அந்தப் பெயர் செல்லத்தானே வேண்டும். பெயரின் ஸ்கோப் கேள்விக்குள் அடங்கினால் போதும் என்று அந்த ஒரு வரியை மாற்றினேன்.

உடனே வந்தான். கிழக்குப் பந்தல். மேலே பள்ளிப் பெயர், கீழே குட்டான்.

“அட, நான் வர்றதுக்கு முன்னாடியே யாரோ பதிஞ்சு வெச்ச பையன், மூலையில பாயில தூங்கறானே, அவனா?” என்றாள் மோனிஷா போனில்.

மஞ்சுளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சிவபிரகாஷைத் திட்டக்கூட மனசு வரவில்லை.

மோனிஷா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி வந்து சேர்ந்தாள். மஞ்சுளா அவன் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு இறுகக் கட்டிக்கொண்டார்.

சிவபிரகாஷ் டேப்லெட்டோடு வந்தான். பெற்றவர் பதிவுப் பெயரைச் சொன்னால்தான் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம்.

“பையன் பேரைச் சொல்லுங்கக்கா.”

மஞ்சுளா என்னைப் பார்த்தார். பையன் தூக்கக் கலக்கத்தோடு முன்னால் வந்து நின்றான்.

“அந்தப் பேர எங்கம்மா சொல்லாதுங்கண்ணா. நாஞ் சொல்றேன், எழுதிக்கங்க. அர்த்தநாரி.”